வலப்பக்கக் காற்று

கொல்லெசெக்கோ,
11 மே 1997

அன்புள்ள செஸ்தீலியா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் வீட்டு ஆட்கள் யாரும் காய்ச்சலில் படுத்து நான் பார்த்ததில்லை. பிடிவாதம் நல்ல மருந்து.

மூன்று வருடத்துக்கு முன் பேருந்துப் படியில் நின்றுகொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறது: "ஏதாவது வேணும்னா எழுது. வாயால பேசினா நீதான் ஜெயிப்ப." அதன் பிறகு எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒன்று வேண்டியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. டீனா நலம். அவளுடைய மூக்குக்கு இந்த மாவட்டத்தில் இணையான இன்னொரு நாய் மூக்கு இல்லை. தக்காளி நட்டாயிற்று. நம் வாசல் கதவின் வலது நிலையைக் கொத்தன் கோணலாக வைத்திருக்கிறான். இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது இப்போதுதான் தோளில் இடிக்கிறது. நம் மேஜையும் சற்றுச் சாய்ந்திருக்கிறது போலும், ஊற்றும் வைன் கிண்ணத்துக்கு வெளியே போகிறது. உன்னை விசாரிக்கிறவர்களிடம், நீ வடக்கே நம் குடும்பத்தின் நலன்களைக் கவனித்து வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு புதுத் துப்பாக்கி வேண்டும். அப்பாவின் பழைய தானியங்கிக்கு வயதாகிவிட்டது. பறவை ஒரு பக்கம் போகிறது, ரவை இன்னொரு பக்கம் போகிறது. போன செப்டம்பரில் திருவிழாப் போட்டியில் வானில் எறிந்த இருபத்தைந்து மண்தட்டில் நான் சுட்டு உடைத்தது பதினொன்று. அதற்கு முந்தைய வருடம் பதினாறு. பரிசான உப்பிட்ட பன்றித்தொடை இரண்டு வருடமாகப் பக்கத்து ஊர் மொந்தெரோவேரேக்காரர்களிடம் இருக்கிறது. சாப்பிடாமல் மதுக்கடை உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலித் தகராறுக்கு நிலம் அளக்கப் போனேன். அவர்களுடைய தலைவன் எவரிஸ்தோ, அதுதான் அந்த மருந்துக்கடைக்காரன், மதுக்கடைக்குள்ளிருந்து கத்துகிறான்:

"ஆர்த்தேமியோ! உள்ள வா! சுட்டுத்தான் எடுக்க முடியல, மோந்தாவது பாத்துட்டுப் போ!"

நான் போகவில்லை. வாசனை மட்டும் தெருவரைக்கும் வந்தது. நல்ல தொடை.

செப்டம்பர் முதல் ஞாயிறு மறுபடி போட்டி. அடுத்த நாள் வேட்டையர் சங்கத் தேர்தல். என் தலைவர் பதவிக்குக் குவிந்தோவின் பெயர் அடிபடுகிறது. குவிந்தோ நல்லவன், நன்றாகச் சுடுகிறவன், டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன். ஆனால் சங்கத்தைத் தொடங்கியவர் என் அப்பா. அவர் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் என்னைப் பார்க்கிறார்.

எனவே உன் சகோதரன் பாத்திஸ்தாவிடம் சொல். அவன் கடையில் இருப்பதிலேயே நீளமான குழல், தோளில் வைக்கும் கட்டை அடர்ந்த வரியோடிய வால்நட் மரம், பக்கவாட்டில் கௌதாரி செதுக்கியது. எவரிஸ்தோவிடம் இருப்பதில் ஒரு கௌதாரி. எனக்கு இரண்டு.

வணக்கத்துடன்,
ஆர்த்தேமியோ


கர்தோனெ,
19 மே 1997

அன்புள்ள ஆர்த்தேமியோ,

கடிதம் கிடைத்தது. டீனாவின் மூக்கைப் பற்றிப் படித்து மகிழ்ந்தேன். குடும்பத்தின் நலன்கள் இங்கே சௌக்கியம். அவற்றுக்குக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் போலென்தா என்ற சோளக்களியைப் போடுகிறார்கள், அதைத் தவிர குறையில்லை.

பாத்திஸ்தாவிடம் சொன்னேன். அவன், "அதெல்லாம் நீதானே பாக்குற, என்கிட்ட ஏன் சொல்ற?" என்றான். அது உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நீ கேட்கவில்லை. போன வருடத்திலிருந்து இந்தக் கடையில் ஆளுக்குத் துப்பாக்கி பொருத்துவது நான்தான். பெர்கமோவிலிருந்துகூட வருகிறார்கள்.

ஆண்கள் துப்பாக்கி வாங்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் செதுக்கலைப் பார்ப்பார்கள். பிறகு மரத்தைத் தடவுவார்கள். பிறகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று தோளில் வைத்து, "ஆஹா, எனக்காகவே பண்ணின மாதிரி இருக்கு!" என்பார்கள். எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் இதையே சொல்வார்கள். போன வாரம் ஒரு வக்கீல், மாட்டியிருந்த கோட்டைக் கழற்றாமல், பாத்திஸ்தாவின் பத்து வயது மகனுக்காகக் கட்டையை அறுத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்து இதையே சொன்னார்.

நான் செய்வது வேறு. வேட்டைக்கு எந்தக் கோட்டோ அதை மாட்டச் சொல்வேன். கண்ணை மூடச் சொல்வேன். காலித் துப்பாக்கியை மூடிய கண்ணோடு தோளில் வைக்கச் சொல்லி, பிறகு திறக்கச் சொல்வேன். திறந்ததும் குழலின் மேல் ஓடும் பட்டை கண்ணுக்கு நேராக இருந்தால் அந்தத் துப்பாக்கி அவருடையது. கழுத்தை வளைத்தோ கன்னத்தை அழுத்தியோ தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருடையதோ. துப்பாக்கிதான் கண்ணைத் தேடி வர வேண்டும். பறவை உனக்காகக் காத்திருக்காது, கழுத்தை வளைக்க நேரம் கிடையாது.

நீ இங்கே வரமாட்டாய். எனவே எழுது. உயரம். முழங்கையை மடக்கினால் மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரல் முதல் கணு வரை எவ்வளவு. கழுத்து. தவறும் ரவை எந்தப் பக்கம் போகிறது, மேலேயா கீழேயா.

கடைசியாக ஒன்று. ஒரு அட்டையில் விரல் நுழையும் அளவு ஓட்டை போடு. கையை நீட்டிப் பிடித்து, இரண்டு கண்ணும் திறந்தபடி, ஓட்டை வழியாக மணிக்கூண்டைப் பார். மணிக்கூண்டை விடாமல் அட்டையை மெல்ல முகத்துக்குக் கொண்டு வா. ஓட்டை தானாகவே ஒரு கண்ணுக்கு வந்து சேரும். எந்தக் கண் என்று எழுது.

கௌதாரி எத்தனை என்பது கடைசியில்.

அன்புடன்,
செஸ்தீலியா


கொல்லெசெக்கோ,
2 ஜூன் 1997

அன்புள்ள செஸ்தீலியா,

கேட்டவற்றைத் தருகிறேன். உயரம் ஒரு மீட்டர் எண்பத்திரண்டு. கை அதற்கு ஏற்றபடி. கழுத்து ஒரு ஆணுடையது.

தவறும் ரவை இடப்பக்கம் போகிறது. எப்போதும் இடப்பக்கம். இதற்குக் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, நீ தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நம் சுடுதளத்தில் இரண்டு வருடமாக வலப்பக்கத்திலிருந்து ஒரு காற்று அடிக்கிறது. தரையோடு வராது, தோள் உயரத்தில் வரும். கொடியை அசைக்காது, ரவையை மட்டும் தள்ளும். நான் முப்பது வருடம் நில அளவையாளன், இந்தக் குன்றுகளின் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். மொந்தெரோவேரேக்காரர்கள் கல்குவாரிக்காக மேற்குச் சரிவை வெட்டினார்களே, அதிலிருந்துதான் வருகிறது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதை விளக்கினேன். எல்லோரும் குவிந்தோவைப் பார்த்தார்கள். பிறகு குவிந்தோ எழுந்து, "கேப்டன் சொன்னா சரிதான். தடுப்பு ஒண்ணு கட்டிருவோம்" என்றான். ஒருமனதாக நிறைவேறியது. சனிக்கிழமையே எல்லோரும் நாணல் வெட்டி வந்து சுடுதளத்தின் வலப்பக்கம் நெடுக ஆள் உயரத்துக்குத் தட்டி கட்டிவிட்டார்கள். உன் தோழி பல்மீனா எல்லோருக்கும் மாவுத்தாளும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட வின்ச்சிஸ்கிராஸி செய்து கொண்டு வந்தாள். ரொட்டிக்காரன் லீவியோ மட்டும், "இந்தக் காத்து கேப்டனை மட்டும்தான் பாத்து அடிக்குது, மரியாதை தெரிஞ்ச காத்து" என்றான். அவனைப் பேசாமல் கட்டு என்று அதட்டினார்கள்.

தட்டி உறுதியாக இருக்கிறது. காற்று அதன் மேலேயும் வருகிறது.

ஓட்டை போட்ட அட்டை விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. எல்லா ஆண்களையும்போல வலக்கண்தான். வேறெது?

ஆர்த்தேமியோ


கர்தோனெ,
10 ஜூன் 1997

அன்புள்ள ஆர்த்தேமியோ,

உன் உயரம் ஒன்று எழுபத்தாறு. இருபத்தொன்பது வருடம் உன் காற்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்தவள் நான். வெட்டி எறிந்த துணியில் இரண்டு பிள்ளைகளுக்கு உடை தைத்திருக்கலாம். மாகாணம் முழுவதையும் அளந்தாய், யாருடைய வேலி யாருடைய நிலத்தில் ஒரு சாண் நுழைந்திருக்கிறது என்று சொன்னாய். உன்னை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிட்டாய்.

கை அளவும் எனக்குத் தெரியும். உயரத்துக்கு மீறிய நீளம். சட்டையில் கைப்பகுதியை மட்டும் எப்போதும் கூட்டி வெட்டினேன். உன் அப்பா ஒன்று அறுபத்து மூன்று, நல்ல மனிதர், பீப்பாய் மாதிரி. அவருக்குப் பொருந்திய கட்டை உனக்கு நான்கு விரல் குறை. அதற்குள் உன்னை மடக்கிக்கொண்டுதான் இத்தனை வருடம் சுட்டாய். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. நம் கல்யாணப் படத்தைப் பார், உன் தலை என் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆசையில் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் சங்க விருந்தில் சொன்னேன். உன் பதில் உனக்கு மறந்திருக்கும், கூடம் முழுக்கக் கேட்டது: "கேட்டீங்களாப்பா? தோட்டாப் பை தூக்குறவளுக்குத் துப்பாக்கி அளவு தெரியுமாம்!" எல்லோரும் சிரித்தார்கள். எவரிஸ்தோகூட விருந்தாளியாக உட்கார்ந்து சிரித்தான். அடுத்த திங்கட்கிழமை நான் பேருந்து ஏறினேன்.

சரி, அது பழைய கதை, இது வேலை. இப்போது வேலை பேசுகிறேன்.

அப்படி ஒரு காற்று கிடையாது, ஆர்த்தேமியோ. பன்னிரண்டு கேஜ் ரவையைத் தள்ளிவிட்டுக் கொடியை விட்டுவிடும் காற்று இருந்தால் அதைப் பிடித்து ராணுவத்துக்கு விற்கலாம். வலத்தோளில் வைத்துச் சுடுகிறவனுடைய ரவை எப்போதும் இடப்பக்கமே போனால் அதற்கு ஒரு காரணம்தான். குறி பார்ப்பது இடக்கண். வலக்கண் வேலையை விட்டுவிட்டது, இடக்கண் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். எல்லோரும் முதலில் காற்றைத்தான் சொல்கிறார்கள். ஒரு பாதிரியார் மட்டும் பிசாசைச் சொன்னார்.

கதவு நிலை கோணலாகவில்லை. மேஜையும் சாயவில்லை. அந்த மேஜை மேல் நான் இருபத்தொன்பது வருடம் மாவு உருட்டியிருக்கிறேன்.

மச்செராத்தாவில் கண் டாக்டரிடம் போ. எந்தக் கண் என்று தெரியாமல் நான் துப்பாக்கி தேர்ந்தெடுக்க முடியாது.

செஸ்தீலியா


கொல்லெசெக்கோ,
16 ஜூன் 1997

திருமதி செஸ்தீலியாவுக்கு,

நான் துப்பாக்கி கேட்டேன், வைத்தியம் கேட்கவில்லை. ஊரே நம்புகிற காற்றை நானூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு இல்லை என்கிறாய். என் கண்கள் இரண்டும் என் வசம் இருக்கின்றன, எதுவும் வேலையை விடவில்லை.

தங்கள் கடையின் சேவைக்கு நன்றி. துப்பாக்கிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

ஆர்த்தேமியோ
தலைவர், கொல்லெசெக்கோ வேட்டையர் சங்கம்


கர்தோனெ,
30 ஜூன் 1997

மதிப்பிற்குரிய தலைவருக்கு,

வேறு ஏற்பாடு எவரிஸ்தோவின் மைத்துனன் கடைதான் என்பது எனக்குத் தெரியும், உன் பக்கத்துக் குன்றுகளில் வேறு கடை இல்லை. அங்கே அளவு எடுக்கும் முறை, சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது. எனவே நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். மச்செராத்தாவில் கோட்டைவாசல் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு வந்து சேரும். உன் உரிமத்தைக் காட்டி வாங்கிக்கொள். வேண்டாமென்றால் விட்டுவிடு. கடைக்காரர் வாய் திறக்காதவர், யாருக்கும் தெரியாது.

எதை, ஏன் என்று எழுதுகிறேன். இதை எல்லோருக்கும் எழுதித்தான் கொடுப்பேன்.

குழல் மிக நீளமானதல்ல, நடுத்தரம். நீண்ட குழல் முதுகு நிமிர்ந்து நிற்கும் இருபது வயதுக்காரர்களுக்கும் படத்துக்கு நிற்கிறவர்களுக்கும். எடை குறைவு, ஏனென்றால் உனக்கு ஐம்பத்தெட்டு, நம் குன்றுகள் செங்குத்து. தோளை உதைக்காத ரகம். கட்டை உன் கைக்கு ஏற்ற நீளம், கோடைச் சட்டைக்குக் கணக்கிட்டது. கட்டைக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு போட்டிருக்கிறேன். அது கட்டையைச் சற்று உயர்த்தி, பக்கவாட்டில் ஒரு மயிரிழை திருப்பும். இனிக் கழுத்தை வளைக்க வேண்டாம். நிமிர்ந்து நில், போதும். நிமிர்ந்து நிற்பது உனக்குப் பிடித்த விஷயம்.

அப்புறம், அது இடக்கைத் துப்பாக்கி.

கடிதத்தைக் கிழிக்காதே, இன்னும் பாதி இருக்கிறது. பழைய துப்பாக்கியையே இடத்தோளுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று உனக்குத் தோன்றும். தானியங்கியில் அது சரிவராது. ஒவ்வொரு சூட்டுக்கும் காலித் தோட்டாவை அது வலப்பக்கம் உதறும். இடத்தோளில் வைத்தால் மிச்சமிருக்கும் ஒரே நல்ல கண்ணின் எதிரே சூடாகத் தாண்டிப் போகும். இது இடப்பக்கம் உதறும். பாதுகாப்புப் பூட்டும் அந்தப் பக்கம்.

அது எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் தோட்டாப் பையோடு உன் வலப்பக்கம் நடந்தவள் நான். சட்டைக் கழுத்துக்குள் விழுந்து விழுந்து மூன்று தழும்பு இருக்கிறது. நீ கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

அலமாரிக் கண்ணாடி முன் நின்று பழகு. தோட்டா போடாமல், காலிதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு. கண்ணை மூடி, தோளில் வை, திற. முதல் வாரம் உன் கையே உனக்கு அந்நியமாக இருக்கும். இரண்டாம் வாரம் கோபம் வரும். மூன்றாம் வாரம் திறந்தவுடன் பட்டை கண்ணுக்கு நேராக நிற்கும். அன்றைக்கு உனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி ஒரு செய்தி. ஞாயிறு அன்று இங்கே கடைக்காரர்களுக்குள் போட்டி. பாத்திஸ்தா இருபது. நான் இருபத்து மூன்று. நானே எனக்குப் பொருத்திய துப்பாக்கி. இரவு முழுக்கப் பெருமையில் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்கிறேன். பெருமை என்றால் என்ன என்று உனக்குத்தான் விளக்க வேண்டியதில்லை.

கௌதாரி ஒன்றுகூட இல்லை. வெறும் இரும்பு. கௌதாரி வயலில் இருக்கட்டும்.

செஸ்தீலியா


கர்தோனெ,
20 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஆர்த்தேமியோ,

பதிலில்லை. மச்செராத்தாத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அம்மா, யார் எதை எடுத்தார், எதை எடுக்கலைன்னு நான் சொல்றதில்லை" என்றார். நான்தான் அவரை வாய் திறக்காதவர் என்று புகழ்ந்தேன்.

திருவிழாவுக்கு நாள் நெருங்குகிறது. எந்தத் துப்பாக்கியோடு நின்றாலும் நிமிர்ந்து நில்.

டீனாவுக்கு வெயிலில் தண்ணீர் வை.

செஸ்தீலியா


கொல்லெசெக்கோ,
9 செப்டம்பர் 1997

அன்புள்ள செஸ்தீலியா,

வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச உனக்கு வழியில்லை, எழுத்தில் இது ஒரு வசதி.

உன் கடிதம் வந்த அன்று அட்டையில் ஓட்டை போட்டு வாசலில் நின்றேன். மணிக்கூண்டு தெரிந்தது. அட்டையை முகத்துக்குக் கொண்டு வந்தேன். ஓட்டை இடக்கண்ணுக்கு வந்தது. அட்டை சரியில்லை என்று வேறு அட்டை வெட்டினேன். மூன்றாவது அட்டை நம் கல்யாணப் படத்தின் பின்பக்கம், நல்ல விறைப்பான அட்டை. மன்னித்துக்கொள், ஓட்டை ஓரத்தில்தான் இருக்கிறது, உன் அத்தையின் தொப்பியில். அதுவும் இடக்கண்ணுக்கே வந்தது. பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்தேன். சுற்றிலும் ஊர் இருந்தது. மணிக்கூண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை.

மச்செராத்தா டாக்டரம்மா சின்னப்பெண். "எவ்வளவு நாளா சார் இப்படி?" என்றாள். "காத்து அடிக்க ஆரம்பிச்சதிலிருந்து" என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள். நடுப்பார்வை திரும்பாதாம். ஓரப் பார்வை இருக்குமாம். இடக்கண் முதல்தரம், உரிமத்துக்கு அது போதும் என்று கையெழுத்துப் போட்டாள். முதல்தரம் என்பது அவள் சொன்ன வார்த்தை, நான் சேர்த்ததல்ல.

துப்பாக்கியை அன்றே எடுத்துக்கொண்டேன். கண்ணாடி முன் நீ சொன்னபடியே நடந்தது. இரண்டாம் வாரக் கோபத்தில் அலமாரியைத் திருப்பி வைத்துவிட்டேன். டீனா கட்டிலுக்கடியில் போய்விட்டாள். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை கண்ணைத் திறந்தேன், பட்டை நேராக நின்றது. கழுத்து நிமிர்ந்திருந்தது. கண்ணாடியில் என் அப்பா இல்லை. யாரோ ஒரு நீளக்கையன் இருந்தான்.

இதையெல்லாம் யாருக்கும் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசிப் பயிற்சிக்குத்தான் எடுத்துப் போனேன். அத்தனை பேரும் இருந்தார்கள். என் முறை வந்தது. துப்பாக்கியை இடத்தோளில் வைத்தேன். செஸ்தீலியா, முப்பத்திரண்டு வருடம் தலைவனாக இருந்தவன் முதல்நாள் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையை மாற்றிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்கு எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. முதல் ஆறு தட்டும் முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தன. ஏழாவது தூள்.

திரும்பி, "வலக்கண் போயிருச்சுப்பா. காத்தெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

குவிந்தோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தெரியும் கேப்டன்" என்றான்.

"என்ன தெரியும்?"

"காத்து இல்லன்னு தெரியும். போன வருஷமே தெரியும்."

"அப்புறம் ஏன்டா தட்டி கட்டினீங்க?"

"நீங்க காத்துன்னு சொன்னீங்க" என்றான். அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லீவியோ மட்டும், "நாணல் வெட்டினதுல எனக்கு இடுப்பு போச்சு, அதையும் சேத்துச் சொல்லுங்கப்பா" என்றான்.

ஒரு நாள் முழுக்க நாணல் வெட்டி, எல்லோருக்கும் உணவு சமைத்து, இல்லாத காற்றுக்கு ஆள் உயரத் தடுப்புக் கட்டுகிற ஊர். மொந்தெரோவேரேயில் இது நடக்குமா? நடக்காது. அவர்களுக்குத் தொடைதான் தெரியும்.

இனித் திருவிழா. எவரிஸ்தோ என் துப்பாக்கியைப் பார்த்தான். "என்னய்யா, கௌதாரி ஒண்ணையும் காணோம்? பறந்துருச்சா?" என்றான். பிறகு நான் இடத்தோளில் வைத்ததும், "ஐயோ, தப்பான பக்கம்!" என்று ஊர் கேட்கக் கத்தினான். நீ என்ன எழுதியிருந்தாயோ அதைச் செய்தேன். நிமிர்ந்து நின்றேன். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. எவரிஸ்தோ பதினெட்டு.

தொடை கிடைக்கவில்லை. ஊர்க் கணக்கில் ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் தோற்றோம். கடைசித் தட்டு குவிந்தோவுடையது. எந்தக் குழந்தையும் உடைக்கும் தட்டு, இடப்பக்கம் விட்டுவிட்டான். அவன் முகம் சிவந்து என்னிடம் வந்து, "காத்து அடிச்சிருச்சு கேப்டன்" என்றான். யார் முதலில் சிரித்தது என்று கேட்காதே, நான்தான். மொந்தெரோவேரேக்காரர்கள் தொடையைத் தூக்கிக்கொண்டு, தோற்றவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் போனார்கள். பெரிய தொடை. நம் கூட்டத்தைப் பார்த்தால் வென்றது நாம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நேற்றுத் தேர்தல். எழுந்து, குவிந்தோவைப் போடுங்கள் என்றேன். குவிந்தோ, "நான் மாட்டேன், கடைசித் தட்டை விட்டவன் நான்" என்றான். இரண்டு மணி நேரம் பெருமையாகச் சண்டை போட்டுக்கொண்டோம். முடிவில் பல்மீனா கதவைத் திறந்து, "சாப்பாடு ஆறுது, பழைய ஆளையே போட்டுட்டு வாங்க" என்றாள். நானே தலைவன். பிறகு ஒரு தீர்மானம் நான் கொண்டு வந்தேன். ஆளுக்குப் பொருந்தாத துப்பாக்கியைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் இதே கூடத்தில் ஒருவர் சரியாகச் சொன்னார், தலைவர் தவறாகச் சொன்னார், சங்கம் தவறாகச் சிரித்தது என்று. அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். ஒருமனதாக நிறைவேறியது. தட்டி நாணலை அடுத்த வருடத் தக்காளிக்கு ஊன்றக் கொடுத்துவிட்டோம்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு வேட்டை தொடங்குகிறது. இந்தத் துப்பாக்கி காலித் தோட்டாவை இடப்பக்கம் உதறுகிறது. என் வலப்பக்கம் எதுவும் விழுவதில்லை. தோட்டாவை இப்போது நானே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். உன் வேலையை நீ விட வேண்டியதில்லை, வடக்கே நம் நலன்களைக் கவனிக்க ஆள் வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு ரயில் இருக்கிறது. திங்களன்று உங்கள் கடை மூடல் என்று பாத்திஸ்தா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது.

நீ என்ன நினைக்கிறாய்? இதை நான் உன்னிடம் முன்பு கேட்டதில்லை. அதனால் எப்படிக் கேட்பது என்று சரியாகத் தெரியவில்லை.

உன்,
ஆர்த்தேமியோ


கர்தோனெ,
15 செப்டம்பர் 1997

அன்புள்ள ஆர்த்தேமியோ,

சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பாத்திஸ்தாவுக்குப் படித்துக் காட்டினேன். தீர்மானம் வந்த இடத்தில் இரண்டு தடவை படிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை நானாகவே படித்தேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். திங்கள் இரவு திரும்ப வேண்டும், செவ்வாயன்று பெர்கமோவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அடுத்த மாதமும் கடைக்குத் திங்கட்கிழமைகள் உண்டு. குளிர்காலக் கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போடு. தடித்த கோட்டுக்குக் கட்டையைச் சற்றுக் குறைக்க வேண்டும், கட்டை முனை ரப்பரை மாற்றித் தருகிறேன். அத்தையின் தொப்பி போனால் போகட்டும்.

ஒரு திருத்தம். நான் தோட்டாப் பையோடு வரவில்லை, என் துப்பாக்கியோடு வருகிறேன். உன் வலப்பக்கம் நான் நடக்கிறேன், அந்தப் பக்கம் எழும்பும் பறவை உனக்குத் தாமதமாகத்தான் தெரியும். என் துப்பாக்கி வலப்பக்கம் உதறும், உன்னுடையது இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் எதுவும் விழாது.

டீனா அங்கே நடக்கட்டும்.

உன்,
செஸ்தீலியா